பழைய பாஸ் படகுக்கு எது நியாய விலை?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பழைய பாஸ் படகு தேடி இறங்குபவர் முதல் வாரத்திலேயே குழம்பிப்போவார். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே நீளம், பின்னால் தொங்குவதும் அதே 250 குதிரைத்திறன் மோட்டார். ஒருவர் 24,000 டாலர் கேட்கிறார். ஐம்பது மைல் தள்ளி இன்னொருவர் 35,000 கேட்கிறார். தன் விலைதான் நியாயம் என்று இருவருமே அடித்துச் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேடிக்கை.

பாஸ் படகைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே வடிவமைத்த படகு இது. பெரும்பாலும் 17 முதல் 21 அடி நீளம். தண்ணீரோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த உடல். நின்றபடி தூண்டில் வீச முன்னும் பின்னும் மேடை, பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கத் தொட்டி, முன்முனையில் ஓசையில்லாமல் நகர்த்தும் மின்சார டிரோலிங் மோட்டார், பின்னால் படகை மணிக்கு 70 மைல் வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மோட்டார். வார நாட்களில் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நிற்கும். சனிக்கிழமை விடியலில் பிக்கப் டிரக்கின் பின்னால் ஏரிக்குக் கிளம்பும். முன்னணி நிறுவனத்தின் 20, 21 அடிப் படகைப் புதிதாக எல்லாச் சாதனங்களோடும் வாங்கினால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். பழையதற்கு இத்தனை கிராக்கி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் 1948இல் கட்டிய ஸ்கீட்டரை முதல் பாஸ் படகாகப் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். 1967இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் நடத்திய போட்டியும், மறு ஆண்டு அவர் தொடங்கிய பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பும் இந்த மீன்பிடிப்பைப் பரிசுப்பணம் புழங்கும் விளையாட்டாக்கின. அதே 1968இல் ஆர்கன்சாவின் ஃபிளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கினார். அந்தக் காலத்தில் படகை ஓரிடத்தில், மோட்டாரை இன்னோரிடத்தில், டிரெய்லரை வேறோரிடத்தில் வாங்கிச் சேர்த்துப் பூட்டிக்கொள்வது வழக்கம். 1978இல் பாஸ் புரோ ஷாப்ஸ் நிறுவனர் ஜானி மோரிஸ், பாஸ் டிராக்கர் என்ற அலுமினியப் படகை மோட்டாரும் டிரெய்லரும் சேர்த்து 2,995 டாலர் என்று ஒரே விலை போட்டு விற்றார். வாங்குபவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்தப் பழக்கம் பழைய படகுச் சந்தைக்கு ஒரு சிக்கலையும் விட்டுப்போனது. புதிதில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே வயது. பத்தாண்டு கழிந்தால் ஹல் என்கிற படகின் உடல் நன்றாக இருக்கும், மோட்டார் சாகக் கிடக்கும். அல்லது மோட்டாரை மாற்றியிருப்பார்கள், டிரெய்லர் துருப்பிடித்திருக்கும். விற்பவர் மட்டும் இன்னும் ஒரே விலைதான் சொல்வார். அந்த ஒற்றை விலையை ஹல், மோட்டார், டிரெய்லர், மின்னணுச் சாதனங்கள் என்று பிரித்துப் போட்டால்தான் நியாய விலை பற்றிப் பேசவே முடியும்.

பலரும் முதலில் கையில் எடுப்பது விலைக் கையேடு. என்.ஏ.டி.ஏ. என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது ஜே.டி. பவர் பெயரில் வரும் கையேடு பரவலானது. ஆண்டையும் மாடலையும் கொடுத்தால் குறைந்த சில்லறை விலை, சராசரி சில்லறை விலை என்று இரண்டு எண்கள் தரும். கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இதைப் பார்ப்பதால் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் கொண்ட படகுகளில் மோட்டாரும் டிரெய்லரும் அந்த விலைக்குள் அடக்கமா, தனியா என்பதைக் குறிப்பில் படித்துவிட வேண்டும். படிக்காமல் எண்ணை மட்டும் நீட்டிப் பேரம் பேசுபவரைப் பார்த்து விற்பவர் சிரிப்பது நியாயம்தான். கையேட்டின் பெரிய குறை வேறு. கார்கள் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன, அதனால் சராசரி விலை என்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட பாஸ் படகு நாடு முழுவதும் சில நூறுதான் இருக்கும். அதிலும் ஒரு பகுதிதான் சந்தைக்கு வரும். கையேட்டைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த வழி விற்பனை விளம்பரங்களை ஒப்பிடுவது. இது கையேட்டை விட நல்ல வழி, ஆனால் பெரிய ஏமாற்றும் இங்கேதான். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. முடிந்த விலையை யாரும் எழுதி வைப்பதில்லை. நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை முடிப்பதைப்போல, இங்கேயும் கடைசி எண் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். போதாததற்கு, நியாயமான விலை போட்ட படகு நான்கு நாளில் விற்றுப்போய் விளம்பரமும் மறைந்துவிடுகிறது. அநியாய விலை போட்டது மாதக்கணக்கில் நின்று நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒருமுறை தேடிப் பார்ப்பவர் காண்பதில் பாதி, யாரும் வாங்காத விலைகள். அதனால் ஒரு மாதமாவது விளம்பரங்களைத் தொடர்ந்து கவனித்து, எது மறைந்தது, எது விலை குறைந்தது, எது அப்படியே நிற்கிறது என்று குறித்துக்கொள்வது பயன் தரும். மறைந்தவற்றின் விலைதான் சந்தை விலைக்கு அருகில் இருக்கும்.

கேட்கும் விலை ஏன் இத்தனை பிடிவாதமாக உயரத்தில் நிற்கிறது? பேராசை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் கடன். படகுக் கடன்கள் 10, 15, சில சமயம் 20 ஆண்டுகளுக்குக்கூட நீளும். தவணை சிறிதாகத் தெரியும், அசல் மெதுவாகக் குறையும். படகோ முதல் சில ஆண்டுகளிலேயே கணிசமாக மதிப்பிழக்கும். ஐந்தாம் ஆண்டில் விற்க நினைப்பவர் வங்கிக்கு 41,000 பாக்கி வைத்திருப்பார், சந்தையில் படகு 35,000க்குத்தான் போகும். அவர் 42,000 கேட்பார். அந்த விலைக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது அவருடைய கடன் கணக்கு. இப்படிப்பட்டவரிடம் பேரம் பேசிப் பயனில்லை; இறங்க நினைத்தாலும் அவரால் இறங்க முடியாது.

2020இல் இந்தச் சிக்கல் இன்னும் பெரிதானது. பெருந்தொற்றுக் காலத்தில் வெளியே போக வழியில்லாத குடும்பங்கள் ஏரிகளை நோக்கித் திரும்பின. அந்த ஆண்டில் அமெரிக்காவில் விற்ற புதிய மோட்டார் படகுகள் 3 லட்சத்தைத் தாண்டின. 2008க்குப் பிறகு காணாத எண்ணிக்கை அது. தொழிற்சாலைகளில் உதிரிபாகம் இல்லை, மோட்டார் இல்லை, காத்திருப்புப் பட்டியல் நீண்டது. பழைய படகுகள் வாங்கிய விலைக்கே, சில வேளை அதற்கு மேலும் விற்றன. பின்பு வட்டி ஏறியதும் கூட்டம் கலைந்தது. அன்று உச்சத்தில் வாங்கியவர்கள் இன்று விற்பவர்களாக நிற்கிறார்கள். “நான் கொடுத்த விலை” என்று அவர்கள் தொடங்கினால், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம், கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில், 2001இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு வழிவகுத்த ஆய்வு அது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிப்போவார். சந்தையில் மட்டமானது மிஞ்சும். பழைய பாஸ் படகுக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் வாங்குபவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. குறையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் காரை விடப் படகில் அதிகமாகவே இருக்கின்றன, அதிலும் குறிப்பாக மோட்டாரில்.

மோட்டாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் கணிப்பில், பத்து வயதான பாஸ் படகின் விலையில் பாதிக்கு மேல் மோட்டாருக்குள்தான் இருக்கிறது. 250 குதிரைத்திறன் புதிய மோட்டாரைப் பூட்ட இன்று 25,000 டாலருக்கு மேல் ஆகும். 28,000 டாலருக்கு வாங்கிய படகின் மோட்டார் மறு மாதம் போய்விட்டால், மிஞ்சுவது டிரெய்லர் மேல் நிற்கும் ஒரு ஃபைபர் கிளாஸ் தொட்டி. ஹல்லில் உள்ள கீறல், கிழிந்த இருக்கை, மங்கிய வண்ணம் இவற்றையெல்லாம் பார்த்து ஐநூறு குறைத்துவிட்டுச் சந்தோஷப்படுபவர்கள் மோட்டாரின் மூடியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எந்தத் தலைமுறை மோட்டார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய இரட்டை ஸ்ட்ரோக் மோட்டார்கள் பெட்ரோலில் கால்பங்கு வரை எரிக்காமலே புகையோடு வெளியே தள்ளிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் விதி கொண்டுவந்து, 2006க்குள் அவுட்போர்டுகளின் ஹைட்ரோகார்பன் வெளியேற்றத்தை 75 சதவீதம் குறைக்கச் சொன்னது. நிறுவனங்கள் இரண்டு வழியில் பிரிந்தன. சிலர் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறினார்கள். சிலர் எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நவீன இரட்டை ஸ்ட்ரோக்கைச் செய்தார்கள்: மெர்குரியின் ஆப்டிமாக்ஸ், எவின்ரூடின் ஈ-டெக், யமஹாவின் எச்பிடிஐ. எடை குறைவு, இழுவை அதிகம் என்பதால் பாஸ் படகுக்காரர்கள் இவற்றை விரும்பி வாங்கினார்கள். இன்று இந்த மூன்றும் உற்பத்தியில் இல்லை. எவின்ரூடை வைத்திருந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2020 மே மாதம் அவுட்போர்டு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. நல்ல ஈ-டெக் இன்றும் அருமையாக ஓடும். ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு கேள்வி: எட்டு ஆண்டு கழித்து இதற்கு உதிரிபாகமும் மெக்கானிக்கும் என் ஊரில் இருக்குமா? அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலை உண்டு, சந்தையும் அதைக் கழிக்கத்தான் செய்கிறது. மெர்குரி 2018இல் கொண்டுவந்த 4.6 லிட்டர் வி8 நான்கு ஸ்ட்ரோக்கும், யமஹாவின் எஸ்எச்ஓ வகையும் அதிக விலைக்குப் போவதன் பின்னால் வேகத்தை விட இந்த நிம்மதிதான் இருக்கிறது.

ஓடிய மணிக்கணக்கைப் பற்றி வாங்குபவர்களிடையே தீராத விவாதம். பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர் ஆண்டுக்கு 50 முதல் 100 மணி ஓட்டுவார் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் பத்து வயது மோட்டாரில் 120 மணிதான் என்றால் அது வரப்பிரசாதமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடாமல் கிடந்த மோட்டாரில் எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சி அடியில் பிரிந்து நிற்கும், இன்ஜெக்டர் அடைபடும், சீல்கள் காய்ந்து இறுகும், நீர் பம்பின் ரப்பர் இதழ்கள் ஒரே வளைவில் படிந்துவிடும். ஆண்டுக்கு 60 மணி ஒழுங்காக ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய 600 மணி மோட்டாரை நான் முன்னதாக வைப்பேன். மணிக்கணக்கை விடவும் முக்கியமானது, அந்த மணிகள் எப்படி ஓடின என்பது. நவீன மோட்டார்களின் கணினி இதைப் பதிந்து வைத்திருக்கிறது. டீலரிடம் கொடுத்தால் எந்தச் சுழற்சி வேகத்தில் எத்தனை மணி ஓடியது, எப்போதாவது அதிகச் சூடேறியதா, எச்சரிக்கை மணி அடித்ததா என்பதைத் தாளில் அச்சிட்டுத் தருவார். மிகச் சிறிய செலவு. விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

அந்தத் தாளோடு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் வேண்டும். எண் எவ்வளவு என்பதை விடச் சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஐந்து சிலிண்டர் ஒரே அளவில் நின்று ஆறாவது சரிந்திருந்தால் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு இடத்தை வாங்குபவர் தன் கையாலேயே பார்க்கலாம். மோட்டாரின் அடியில், புரொப்பல்லர் பூட்டியிருக்கும் லோயர் யூனிட்டுக்குள் பல்சக்கர எண்ணெய் இருக்கிறது. கீழே ஒரு வடிகால் திருகு. அதைக் கழற்றும்போது முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் எண்ணெயை விடக் கனமானதால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் பாலாக வெளுத்திருந்தால் எங்கோ சீல் போய்விட்டது. பல மோட்டார்களில் அந்தத் திருகின் நுனி காந்தம். அதில் மாவு போன்ற கருஞ்சாந்து ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் இரும்புச் சில் ஒட்டியிருந்தால் பல்சக்கரம் உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில ஆயிரம் டாலர் செலவு. நேற்றுதான் எண்ணெய் மாற்றினேன் என்று விற்பவர் சொன்னால், ஏரியில் ஓட்டிவிட்டு வந்தபின் திருகைக் கழற்றச் சொல்லலாம். புரொப்பல்லரைக் கழற்றி அச்சைச் சுற்றி நைலான் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

பார்க்கப் போன உடனே மோட்டார் மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் எடுக்க மறுக்கும் மோட்டாரை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு.

ஹல்லுக்கு வருவோம். ஜெல் கோட்டில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய விரிசல்களில் பெரும்பாலானவை மேற்பூச்சோடு நின்றுவிடும். ஆனால் மோட்டாரைத் தாங்கும் பின்சுவரான டிரான்ஸத்தின் மூலைகளில் ஓடும் விரிசல் வேறு ஜாதி. பழைய படகுகளில் டிரான்ஸத்துக்குள்ளும் தளத்தின் கீழும் மரப்பலகை இருக்கும். திருகுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பு கெடாமல் உள்ளே உளுத்துப்போகும். மோட்டாரை முக்கால்வாசி உயர்த்தி வைத்து, அடிமுனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தச் சொல்லிவிட்டு, டிரான்ஸத்தைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். அது வளைந்து கொடுத்தால் முடிந்தது கதை. மேடையில் நடக்கும்போது பாதம் அமிழ்ந்தாலும் அப்படியே. கிழக்கு டெக்சாஸின் ஃபோர்க் ஏரியிலும், டெக்சாஸ்–லூசியானா எல்லையில் உள்ள டோலிடோ பெண்டிலும் நீருக்கடியில் மரங்களும் அடிக்கட்டைகளும் ஏராளம். அங்கே ஓடிய படகின் அடிப்பகுதியையும் மோட்டாரின் அடித்துடுப்பையும் குனிந்து பார்க்காமல் விலை பேசக்கூடாது.

டிரான்ஸத்தின் வலப்பக்கம் பதித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. மோட்டாரின் தொடர் எண் தனி ஆண்டைச் சொல்லும். 2014 படகில் 2011 மோட்டார் தொங்குவது அபூர்வமல்ல. விளம்பரத்தில் அது 2014 ஆகிவிடும். 20 அடிக்குக் குறைந்த படகில் அனுமதித்த அதிகபட்சக் குதிரைத்திறனைச் சொல்லும் தகடு இருக்க வேண்டும். தகட்டில் 150 இருக்க, பின்னால் 200 தொங்கினால் அது போனஸ் அல்ல, காப்பீட்டுத் தலைவலி.

பிராண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? ரேஞ்சர், ஸ்கீட்டர், பாஸ் கேட் போன்றவை விலையைப் பிடித்துவைக்கும். வாங்கும்போது கொடுக்கும் கூடுதலில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வருவதால் அதை முழுச் செலவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் ஹல் உத்தரவாதத்தை நம்பி விலை கொடுக்காதீர்கள். பல நிறுவனங்களில் அது முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் அல்லது சுருங்கிவிடும். நிறுவனமே நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ரேஞ்சர், ஸ்ட்ராட்டோஸ், சாம்பியன் ஆகியவற்றை வைத்திருந்த ஜென்மார் 2009இல் திவால் மனு கொடுத்தது.

டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றால் 2016இன் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசாகத் தெரிந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டிரெய்லர் டயரை மாற்றிவிடுவது நல்லது. நெடுஞ்சாலையில் வெடித்தால் படகின் பக்கத்தையும் கிழிக்கும். பேரிங், பிரேக், விளக்கு பார்த்தால் போதும்.

மின்னணுச் சாதனங்கள்தான் இன்றைய பேரத்தில் பெரிய குழப்பம். 2018இல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், மீன் நகர்வதை அந்த நொடியிலேயே திரையில் காட்டியது. அதுமுதல் படகின் முன்பகுதி ஒரு கட்டுப்பாட்டு அறை ஆகிவிட்டது. பல திரைகள், சோனார், ஜி.பி.எஸ். நங்கூரமிடும் டிரோலிங் மோட்டார், லித்தியம் பேட்டரி என்று 15,000 டாலர் வரை பூட்டியவர்கள் உண்டு. “பதினைந்தாயிரத்துக்குச் சாமான் இருக்கிறது” என்பார் விற்பவர். இவற்றுக்குக் கைபேசியின் ஆயுள்தான். இரண்டு மூன்று ஆண்டுக்குள் வாங்கியவற்றுக்குப் பாதி விலை கொடுக்கலாம், ஐந்து ஆண்டு தாண்டிய திரைக்குச் சில நூறு டாலர் கொடுத்தாலே தாராளம். “சாமானைக் கழற்றிக்கொண்டு படகை மட்டும் கொடுங்கள், என்ன விலை?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் சட்டென்று சொல்லும் எண்ணில் உண்மை இருக்கும். நல்ல டிரோலிங் மோட்டாரும் பேட்டரிகளும் இதில் விதிவிலக்கு. அவை இல்லாமல் மீன் பிடிக்க முடியாது. 36 வோல்ட் டிரோலிங் மோட்டாருக்கு மூன்று பேட்டரி, பெரிய மோட்டாரை எழுப்ப ஒன்று, ஆக நான்கு. எல்லாம் ஒரே சமயத்தில் சாகும் வயதில் இருந்தால் ஆயிரம் டாலர் தயாராக வையுங்கள்.

காலமும் இடமும் விலையை அசைக்கும். பிப்ரவரி முதல் மே வரை எல்லாரும் வாங்க வருவார்கள். நவம்பரில் வடக்கு மாநிலங்களில் படகைக் குளிருக்கு மூடிவைக்கும் செலவும் வேலையும் வரும்போது விற்பவர் இறங்கிவருவார். வடக்கிலிருந்து வாங்கினால் லோயர் யூனிட்டில் நின்ற தண்ணீர் உறைந்து வார்ப்பை உடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைகுடாக் கடற்கரையிலிருந்து வாங்கினால் உப்பு அரிப்பும், புயலில் மூழ்கி எழுந்த படகும் அபாயம். 2017இன் ஹார்வி, இர்மா புயல்களில் மட்டும் 63,000 பொழுதுபோக்குப் படகுகள் சேதமானதாகப் படகு உரிமையாளர் சங்கமான போட்யூஎஸ் மதிப்பிட்டது. பணப் போட்டிகளில் ஓடுபவர்கள் பருவ முடிவில் விற்கும் ஓராண்டுப் படகுகள் தனி ரகம். மணிக்கணக்கு அதிகம், அடியும் பட்டிருக்கும்; ஆனால் பராமரிப்பு ஒழுங்காக இருக்கும், மோட்டார் உத்தரவாதமும் மிச்சமிருக்கும். போட்டியில் வென்றால் நிறுவனங்கள் கொடுக்கும் ஊக்கத்தொகை அண்மை ஆண்டுகளின் மாடல்களுக்கே என்பதால், அந்த வரம்பைத் தாண்டிய படகின் விலை ஒரு படி இறங்கும். போட்டிக்குப் போகாதவர் வாங்க வேண்டிய இடம் அந்தப் படிதான்.

எல்லாவற்றையும் எண்ணாக்கினால் எப்படி வரும்? ஒரு கற்பனைக் கணக்கு. 2014 மாடல், 20 அடி, 250 குதிரைத்திறன் நேரடி இன்ஜெக்‌ஷன் இரட்டை ஸ்ட்ரோக், 480 மணி. கேட்பது 34,000. ஒரு மாதம் கவனித்ததில் இதுபோன்ற நல்ல படகுகள் 30,000 அளவில் சந்தையிலிருந்து மறைந்திருக்கின்றன. அங்கிருந்து கழிக்கலாம். டயர் நான்கும் உபரி ஒன்றும் 600. பேட்டரிகள் 1,000. நீர் பம்பும் எண்ணெய் மாற்றமும் 400. டிரெய்லர் பேரிங், பிரேக் 500. ஆக 2,500 போக 27,500. மோட்டாரின் கணினித் தாளும் கம்ப்ரஷனும் நன்றாகவே இருந்தாலும், உற்பத்தி நின்றுபோன வகை என்பதால் பழுதுக்கென்று 3,000 ஒதுக்க வேண்டும். அந்த அபாயத்தை இருவரும் பாதிப் பாதி ஏற்பதென்றால் 1,500. நியாய விலை 26,000. 24,500இல் தொடங்கலாம், 26,500க்கு மேல் போகக் கூடாது. பட்டியலைத் தாளில் எழுதி விற்பவரிடமே கொடுத்துவிடலாம். நியாயமானவர் வரிவரியாகப் பதில் சொல்வார். தன்னிடம் உள்ள ரசீதைக் காட்டி ஓரிரு வரியை அடிக்கவும் வைப்பார். அப்படி அடிக்கப்படும் வரிக்கு மனமுவந்து பணம் கொடுக்கலாம்.

ஏரியில் இறக்கி ஓட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். முழு வேகத்தில் மோட்டாரின் சுழற்சி நிறுவனம் சொன்ன எல்லைக்குள் வருகிறதா, திரும்பி வந்ததும் படகின் அடித்தளத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி உரிமைப் பத்திரம் உண்டு, மாநிலத்தின் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை தருவது. டிரெய்லருக்கு வாகனத் துறையின் பத்திரம் வேறு. மூன்றிலும் உள்ள எண்கள் பொருளில் உள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இருந்தால் பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் வங்கியிலேயே வைத்து முடியுங்கள். படகுக்கும் மோட்டாருக்கும் அங்கே 6.25 சதவீத வரி. 26,000 டாலரும் அவற்றுக்கே என்றால் 1,625 டாலர். அதையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.